என் சார்பில் போன பேச்சு

என் இளைய மகள் பிரஸ்ஸல்ஸில் வேலை செய்கிறாள். வக்கீலுக்குப் படித்தவள், ஆனால் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வக்கீல் சங்கம் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு பொதுச் சங்கம் வைத்திருக்கின்றன. பல நாட்டுக்கும் சேர்த்துச் சட்டம் போடுகிறவர்களிடம் வக்கீல்கள் தரப்பைச் சொல்வது அதுதான். அதன் ஆபீசில் இவள். ஆம்பூரில் யார் கேட்டாலும் இதை நிதானமாகச் சொல்வேன். பாதியில் எழுந்து போக விடமாட்டேன்.

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். ஒரு குறை என்றால் எல்லாரும் மேனேஜரிடம் போக முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பேசி ஒருத்தியை அனுப்புவோம். அநேகமாக என்னைத்தான்.

"அதேதாம்மா," என்றாள் மகள், வீடியோ காலில். "கூட்டத்துக்கு நாட்டுக்கு ஒரு குழு வரும். ஓட்டு போடறப்ப குழுத் தலைவர்தான் நாட்டுக்காகச் சொல்வார்."

"அவர் இஷ்டத்துக்குச் சொல்லிட்டா?"

"அதெப்படி? விஷயத்தை முன்னாடியே அந்தந்த நாட்டு சங்கத்துக்கு அனுப்பிடுவோம். அவங்க இன்னா முடிவு பண்ணாங்களோ அதைத்தான் சொல்லணும்."

போன ஆடிக்கும் அவள் வரவில்லை, அதற்கு முந்தைய ஆடிக்கும் வரவில்லை. வறண்டு கிடந்த பாலாற்றில் தண்ணீர் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. நானும் நின்றேன். பக்கத்தில் திரும்பி "பாருடி" என்று சொல்ல ஆளில்லை.

வா என்று கெஞ்சுவது எனக்கு வராது. பெரிய மகனைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சிய ஆடிக்கு வரச் சொல்லுடா. அம்மாவுக்கு உன்னைப் பாக்காம இருப்புக் கொள்ளலன்னு சொல்லு."

"சொல்ட்டேன்மா," என்றான் மறுநாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியபோது மழையைப் பற்றிச் சொன்னாள், தயிர் உறையாததைப் பற்றிச் சொன்னாள். வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"உங்க அண்ணன் இன்னாடி சொன்னான்?"

"வேலை ஜாஸ்தின்னா பேஜார் பட்டுக்காத, அம்மா நல்லாத்தான் இருக்காங்க, தோதுப்பட்டா வான்னுச்சு."

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கைமேல் இரக்கப்பட்டு, நான் சொல்லி அனுப்பியதில் என் தவிப்பை மட்டும் எடுத்துவிட்டான். லைனில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள்.

"எங்க கூட்டத்துல இப்டி மாத்திச் சொன்னா, அந்த சங்கமே அவரைத் தூக்கிடும்மா. நீ இன்னா சொல்லி அனுப்பின?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணன வுடு. நீயே சொல்லு."

சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உன்னைப் பாக்கணும் போல இருக்குடி. வா."

அவள் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்திலிருந்த காலண்டரைப் புரட்டினாள்.

"ஆடிக்குத்தாம்மா பெரிய கூட்டம். முடிஞ்சதும் லீவு கேக்கறேன்."

லீவு கேட்டாளா என்று நானாகக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கால் வந்தால், அவள் என்ன பேசினாலும், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.