சுரங்கத்தில் கடைசியாக நடப்பவர்

“மூணாவது வளைவுல யாரோ பதில் குடுத்தது கேக்கலையா அண்ணா?” என்று அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“யாரு குடுத்தா?” என்றார் குழாய்க்காரர்.

எலக்ட்ரீஷியன் என்றாள். காந்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ‘இருங்க, வரேன்’ என்று இரண்டு முறை சொன்னது கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கியில் தெளிவாக விழுந்தது என்றாள். அவன் பேசினால் கட்டின பெண்டாட்டிக்கே கேட்காது என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு வருஷமாவே சரியாக் கேக்கலம்மா.”

அவள் இயந்திரத்தை இயக்குபவள். தரைக்கு அடியில் வளையமாக ஓடும் சுரங்கம். அதற்குள் காந்தங்கள் சூழ்ந்த ஒரு குழாய். குழாய்க்குள் கோடிக்கணக்கான புரோட்டான்கள் கற்றையாகப் பறந்து ஓர் உலோகக் கட்டியில் மோதும். சிதறி வரும் துகள்களைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வருவார்கள். கற்றை ஓடும்போது சுரங்கத்தில் ஓர் உயிர்கூட இருக்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் வளையம் முழுக்க நடந்து பார்ப்பார். வளைவுக்கு வளைவு நின்று, “யாராவது இருக்கீங்களா?” என்று கூவி, மனதுக்குள் பத்து எண்ணி, பதில் இல்லையென்றால் சுவரிலுள்ள பொத்தானை அழுத்துவார். கடைசிப் பொத்தான் அழுந்திய பிறகே அவளுக்குப் பச்சை விளக்கு எரியும்.

உள்ளே போகிறவர்கள் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவியை எடுத்துப் போக வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் இயந்திரம் அசையாது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று எலக்ட்ரீஷியன் அன்று காலை சாவி எடுக்காமலே நுழைந்துவிட்டான். அவனுக்கு மிச்சமிருந்த காவல் அவன் குரல் மட்டும்தான். அதைக் கேட்க வேண்டிய குழாய்க்காரர் பத்து எண்ணி முடித்துப் பொத்தானை அழுத்திவிட்டு நடந்தார். பச்சை விளக்கும் எரிந்தது. ஒலிபெருக்கியில் அந்தக் குரலைக் கேட்டிருந்த அவள், இயந்திரத்தை இயக்கும் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னாள். வெளியே வந்தவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

குழாய்க்காரரின் சொந்த வேலை அந்தக் குழாயில் காற்றே இல்லாமல் பார்த்துக்கொள்வது. “ஒண்ணுமே இல்லாததைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லி ஆள் போட்டிருக்காங்க” என்பார். பத்தொன்பது வருடம் காற்றிறைக்கும் பம்புகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எப்படிச் சமாளித்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் எப்போதும் முந்திக்கொண்டு பேசுவார். பதில் தெரிந்த கேள்வியாகவே கேட்பார். கேன்டீனில் சுவரில் முதுகு சாய்த்து, எல்லார் வாயும் தெரிகிற இடத்தில் உட்காருவார். அவரிடம் வாய்கொடுத்தால் மீள முடியாது என்று எல்லாரும் கேலி செய்தார்கள். டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி ஓய்ந்துபோயிருந்தாள். போனால் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், ஸ்டோர் ரூமில் மேஜை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பதிவேடு அவள் முன்னால் திறந்து கிடந்தது. தாமதம் நாற்பது நிமிடம்; காரணம் என்ற இடம் காலி. பொத்தான் ஒன்று சிக்கிக்கொண்டது என்று எழுதிவிடச் சொல்லி எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே கெஞ்சிவிட்டுப் போயிருந்தான், ரெண்டு பேருக்கும் நல்லது என்று. இவரும் அதையேதான் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் தவறுதலாகக் கற்றையை நிறுத்தியபோது, எல்லார் முன்னாலும் அவளுக்காகப் பரிந்து பேசியவர். அவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அவள் பேனாவையே வாங்கி, ‘தேடிச் சென்றவருக்குக் காது கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பெரிய அதிகாரி ரூமுக்கு நீயும் கூட வாம்மா. அவரு மீசைக்குள்ளயே பேசுவாரு, வாயசைவுகூடத் தெரியாது. அவரு சொல்றத அப்படியே எழுதிக் காட்டு. எனக்கு வலிக்குமேன்னு ஒரு வார்த்தையும் குறைச்சிடாத.”