கூடுதலாக நாலு டம்ளர் தண்ணீர்

போன வாரம் திருப்பூர் புது பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுபிடித்து ஓடி வந்தாள். கழுத்தில் பனியன் கம்பெனி ஐ.டி. கார்டு. கையில் பாதி தின்ற பன்.

"மேடம், பத்திரிகையில வாராவாரம் எழுதறது நீங்கதானுங்க? போட்டோவுல பாத்திருக்கேனுங்க."

ஆமாம் என்றேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்?

"நல்லூர்ல தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கேனுங்க. மெஸ் சாப்பாடு ஒத்துக்கலீங்க. எனக்குச் சுடுதண்ணி வைக்க மட்டும்தான் தெரியும். ஒரே பாத்திரத்துல முடியற மாதிரி ஏதாச்சும் எழுதுங்களேன்."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

எழுதிவிடலாம். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தை விட்டால் இதற்கு வேறென்ன? ஒருவருக்கு அரை டம்ளர் அரிசி, ஒரு சின்னக் கைப்பிடி துவரம் பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வையுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய். நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம், ஒரு தக்காளி. வதங்கியதும் மஞ்சள் தூள், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு. அரிசியையும் பருப்பையும் போட்டு, அரிசியைப் போல மூன்று பங்கு தண்ணீர். மூன்று விசில். இறக்கி மேலே நெய். அவ்வளவுதான்.

ஆனால்... இந்தச் சாதத்தைப் பற்றி எழுதும்போது நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதாமல் விட்டால், மனசாட்சி என்னைச் சும்மா விடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸில் என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அங்கே லேடீஸ் ஹாஸ்டல். மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவேன். திருப்பூரில் என் வீட்டுக்காரர் தனியாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு டி-ஷர்ட்டில் தையல் அரை இழை விலகியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் நான் தெரிய விட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

கிளம்பும் முன் இந்த ஒரே சாதத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் மாதம் ஒரு சாதத்துக்கு நாலு போன்.

"ஏம்புள்ள, கடுகு வெடிக்குது. இப்ப என்ன பண்றது?"

"வெங்காயத்தப் போடுங்க."

"உரிக்கவே இல்லியே!"

ஹாஸ்டலில் மற்ற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சலித்துக்கொள்வேன். சலிப்பா அது? இல்லை. நூற்றைம்பது மைலுக்கு அந்தப் பக்கம் என் அடுப்பு நான் சொன்னால்தான் எரிகிறது என்கிற சுகம்.

நாலு போன் இரண்டானது. இரண்டு ஒன்றானது. ஒரு நாள், வரவே இல்லை.

பதறிப்போய் நானே அழைத்தேன். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சே. இன்னிக்கு முருங்கைக்கீரையும் உருவிப் போட்டேன். அருமையா இருந்துச்சு போ."

கீரையா? நான் சொல்லவே இல்லையே!

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அஞ்சறைப் பெட்டியில் எல்லாம் இடம் மாறியிருந்தது. சீரகம் இருந்த குழியில் மிளகு. கேட்டால், "அதுதான் கைக்கு வாட்டமா இருக்குது" என்றார். அன்றைக்கு வைராக்கியமாகச் சாம்பார், ரசம், இரண்டு பொரியல், அப்பளம் என்று மதியம் வரை நின்று சமைத்தேன். சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டே, "ஒத்தப் பாத்திரத்துல முடிஞ்சிருக்கும். எதுக்கு இத்தன பாத்திரம் கழுவிக்கிட்டு?" என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படியா கேட்டது?

பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா வந்தாள். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவளும் டெய்லர், அவள் புருஷனும் டெய்லர். நல்ல பெண். அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

"யக்கா, அண்ணன் என்னமா சமைக்காவ தெரியுமா? போன வாரம் ஒரு கிண்ணம் தந்தாவ. எங்க வீட்டுல அவிய மிச்சமே வைக்கல. 'இந்த மாதிரி நீயும் வையேன்'னு என்கிட்ட சண்டை!"

"நாஞ் சொல்லிக் குடுத்ததுதான்" என்றேன்.

"இருந்தாலும் அண்ணன் கைப்பக்குவம் தனில்லா!"

தனியாமே! பதினாறு வருஷம் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் தாளித்த வாசனை யார் மூக்குக்கும் எட்டவில்லையா? நான் தினமும் செய்தால் அது சாப்பாடு. அவர் ஒரு நாள் செய்தால் அது கைப்பக்குவம்.

பொறாமை என்றால் பக்கத்து வீட்டுக்காரி நகையைப் பார்த்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். சொந்தப் புருஷன் வைத்த சாதத்தைப் பார்த்தும் வரும் என்று தெரிந்தபோது, விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழி முழுக்க அதே நினைப்பு.

இனி, நான் அந்தக் காரியத்தைச் செய்த ஞாயிற்றுக்கிழமை. நான் ஊருக்குப் போகாத வாரம். காலை பத்து மணி இருக்கும். ரொம்ப நாளுக்குப் பிறகு அவரிடமிருந்து சமையல் போன்!

"மத்தியானம் வேண்டிய ஆளுங்க அஞ்சு பேர் வர்றாங்க. ஸ்டெல்லாகிட்ட பெரிய குக்கர் வாங்கியிருக்கேன். மூணு டம்ளர் அரிசி. தண்ணி ஒம்பது ஊத்துனாப் போதுமா? இத்தன பேருக்கு நான் வெச்சதில்லையே."

குக்கர் ஸ்டெல்லாவுடையது. அப்படியென்றால் வரப்போவது அவள் குடும்பம்தான். மறுபடி 'கைப்பக்குவம்' என்பாள். மறுபடி என்னிடம் வந்து சொல்வாள்.

ஒன்பது போதும். எனக்குத் தெரியும்.

"பத்தாதுங்க" என்றேன். "நெறைய வைக்கறப்போ பருப்பு தண்ணிய இழுக்கும். பதிமூணு ஊத்துங்க."

"பதிமூணா?"

"ஆமாங்க."

குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயம்.

சாயங்காலம் திரும்ப போன் வந்தது. குழைந்துபோன சோற்றுக்குச் சோகமாக இருப்பார் என்று பார்த்தால், மனிதர் உற்சாகத்தில் மூச்சு வாங்கப் பேசினார்.

வந்தது ஸ்டெல்லா குடும்பம் இல்லை. குன்னத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம்!

தோட்டத்துக்குப் போகிற வழித்தடத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் மகள் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளைக் கொண்டு வந்து விட வருகிறார்கள் என்று தெரிந்து, இவரே போய்க் கூப்பிட்டிருக்கிறார். சண்டையில் அண்ணனை விட நான்தான் அதிகம் முறுக்கிக்கொண்டவள். "சொன்னா நீ வேண்டாம்னுருவியோன்னு சொல்லல" என்றார்.

நான் மெல்ல இழுத்தேன். "சாப்பாடு...?"

"அத ஏன் கேக்கற? குக்கரத் தொறந்தா கஞ்சியாட்ட கெடக்குது. நான் விசில எண்ணறதுல கோட்டை விட்டுட்டேனாட்ட இருக்குது. உன்ர மேல தப்பில்ல. எனக்கு வேர்த்துப்போச்சு. வராத அண்ணன் வந்திருக்கறாரு, அவரு தட்டுல இதயா போடறதுன்னு..."

அவர் நின்ற கோலத்தைப் பார்த்து நங்கையா, அதாவது அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எழுந்து சமையல்கட்டுக்குள் வந்திருக்கிறார். "நீங்க போய் உங்கண்ணன்கூடப் பேசிட்டிருங்க, கொழுந்தனாரே. இத நான் பாத்துக்கறேன்." நெய்யில் மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் பொரித்துக் கொட்டி, அப்பளம் சுட்டு, ஒரு வழியாகப் பரிமாறியிருக்கிறார். அண்ணன் முழுதும் சாப்பிட்டிருக்கிறார். இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறார். கிளம்பும்போது, "நோம்பிக்கு ஊட்டுக்கு வந்துருங்க. அவளயும் கூட்டிட்டு வா" என்றிருக்கிறார்.

'அவள்' என்றது என்னை.

நல்லபடியாகத்தானே முடிந்தது என்கிறீர்களா? எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே இன்னொரு நினைப்பும் வந்தது – என் அடுப்பில், நான் இல்லாதபோது, அக்கா நின்று தாளித்திருக்கிறார்! இந்த மனசை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். அவர் விசில் கணக்கைச் சொல்லி இன்னமும் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை. "விசிலால இல்லீங்க. ஒம்பதே போதும். நாந்தான் வேணும்னே பதிமூணுன்னு சொன்னேன்" என்றேன்.

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார்.

"ஏன்?"

"பொறாமைங்க."

"எங்கிட்டயா?"

தலையாட்டினேன். சிரிப்பார் என்று ஓர் ஓரத்தில் நம்பிக்கை இருந்தது. சிரிக்கவில்லை.

"சாதத்துல மட்டுந்தானா... இல்ல, வேற எதுலயாச்சும் இப்படித் தப்பா சொல்லியிருக்கியா?"

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. நம்பினாரா என்று தெரியவில்லை. அந்த ஞாயிறு முழுக்க வேண்டியதற்கு மட்டும் பேசினார். பஸ் ஏற்றிவிட வந்தவர், வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஊர்த் திருவிழா வந்ததும், சொன்னபடி நோம்பிக்குப் போனோம். அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். "அடுப்படிப் பொறாம எனக்குத் தெரியாதா சாமி, இதெல்லாம் இருக்கறதுதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் பருப்பு போளி வரைக்கும் வந்துவிட்டார். அளவில் சந்தேகம் வந்தால் போன் போடுகிறார். விழுப்புரத்துக்கு அல்ல, குன்னத்தூருக்கு. அக்காவுக்கு.

வயிறு எரியாமல் இருக்குமா? எரியட்டும்... நான் பற்ற வைத்த அடுப்புதானே!