சாமி மாடத்தில் இருந்த அத்தையின் புத்தகம்

எங்கள் பக்கத்து எழுத்தாளர்களின் முக்கியமான கட்டுரை நூல்கள் என்று பேச்சு வந்தால், என் அத்தையின் புத்தகத்தை யாரும் சொல்லமாட்டார்கள். கம்பி தைத்த மெல்லிய சிறுநூல் அது. போன வாரம் என் மகள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி வீடு திரும்பினாள். அவள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் இரவில் எழுந்து எழுந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எழுபதுகளின் கடைசியில் கீழ்பென்னாத்தூர் பக்கம் அரசு நர்சாக இருந்தார். பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடுவது அப்போது பல வீடுகளில் வழக்கம். அது எவ்வளவு ஆபத்து என்று ஊர் ஊராகப் பார்த்ததை அத்தை எழுதி, எங்கள் ஊரான திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் கொடுத்தார். அட்டையில் போட அச்சகத்துக்காரரிடம் மலைப்படம் ஒன்றுதான் இருந்தது. கிரிவலப் புத்தகங்களுக்கு வைத்திருந்த அச்சு பிளாக்.

"இந்த ஊர்ல மலை போட்டாத்தான் கைநீட்டி வாங்குவாங்கம்மா" என்றாராம்.

அவர் சொன்னது பலித்தது. எங்கள் தெருவில் அத்தை கொடுத்த எல்லோரும் அதை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, நேரே சாமி மாடத்தில் வைத்துவிட்டார்கள். என் அம்மாவும்தான். மலைக்குக் குங்குமம் வைத்துத் தினமும் கற்பூரம் காட்டினாள். அதைத் திறந்தும் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் கார்த்திகை தீபத் திருவிழாவில் தேர் பார்க்கப் போன இடத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் சிவப்பு சர்பத் குடித்தேன். தீபத்துக்கு முந்தின நாள் பேதி பிடித்துக்கொண்டது. அப்பா திருவிழா பஸ்ஸில் கண்டக்டராக ஓடிக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர்ச் சொம்பை எனக்கு எட்டாத பரண்மேல் வைத்துவிட்டாள். கேட்டுக் கேட்டு அழுதேன். பிறகு அழுதாலும் கண்ணீர் வரவில்லை.

தீபம் பார்க்க மத்தியான பஸ்ஸில் வந்த அத்தை, பையைக்கூடக் கீழே வைக்காமல் என் வயிற்றைக் கிள்ளினார். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது.

"தண்ணி குடுத்தியா?"

"குடுத்தா ஜாஸ்தியா போவும்னாங்க அண்ணி."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தான்."

"என் புக்கு எங்க?"

அம்மா பெருமையாக மாடத்தைக் காட்டினாள். "பத்திரமா இருக்கு அண்ணி. ஒரு நாள்கூட வெளக்கேத்தாம உட்டதில்ல."

அத்தை எழுந்து போய் அதை எடுத்து, முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து, அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இவ்ளோ நாள் கும்புட்டல்ல. இப்ப படி. நான் கஞ்சி வெக்கறேன்."

அஞ்சாம் வகுப்போடு நின்ற அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். கிள்ளிய தோல் உடனே சமமாகாவிட்டால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கஞ்சித் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு, கரண்டி கரண்டியாக. நான் அத்தையின் புடவைமேல் வாந்தி எடுத்தேன். அம்மா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்தற? அடுத்த வரிய படி."

"வாந்தி எடுத்தா... சற்றுப் பொறுத்து... மறுபடியும் கொடுக்கவும்."

மறுபடியும் கொடுத்தார்கள். மலைமேல் தீபம் ஏறித் தெருவே அரோகரா என்றபோது அத்தை வாசலுக்குப் போகவில்லை. கரண்டியோடு என் பக்கத்திலேயே இருந்தார். எனக்குச் சிறுநீர் வந்ததும் அம்மா தெருவுக்கு ஓடி அதை எல்லோரிடமும் சொன்னாள். கூச்சத்தில் நான் போர்வைக்குள் போய்விட்டேன். அந்த வாரமே தெருப் பெண்கள் தங்கள் மாடங்களிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைப் படிக்கச் சொன்னார்கள்.

உடம்பு தேறிய பிறகும் அம்மா பல நாள் என்னைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் கிள்ளினாள். சர்பத் விஷயம் தெரிந்துபோய், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். "இனிமே குடிக்க மாட்டேம்மா" என்று அழுவேன். அவளோ விட்டதும் சமமாகிவிடும் என் தோலையே பார்ப்பாள், சிரிப்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கிள்ளுவாள். தண்டிக்கிறவள் எதற்காக அழுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.