பேட்டர்சனை விட்டுப் போகாத லோகநாயகி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஹைவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது லோகநாயகி அக்காவின் மகன் கார்த்திக்கின் அழைப்பு வந்தது. டெக்சாஸிலிருந்து வந்து சில வாரங்களாக அம்மாவுடன்தான் இருந்தான்.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க."

"தூக்கத்துலயாப்பா?"

"இல்ல ஆன்ட்டி. முழிச்சுட்டுதான் இருந்தாங்க. ரொம்ப பெயின்."

ஓரமாகக் காரை நிறுத்தினேன். தூக்கத்திலேயே போனார், வலி தெரியவில்லை என்றெல்லாம் சொல்லித்தான் நாம் வழக்கமாக ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். கார்த்திக்கிடம் அந்தப் பொய்கூட இல்லை.

லோகநாயகி அக்காவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஈரோட்டை அடுத்த சித்தோட்டில் பிறந்தவர். கோவையில் வேதியியல் படித்தபோது பல்கலைக்கழக அணிக்காக நானூறு மீட்டர் ஓடியவர். கல்யாணம் ஆனதும் ஓட்டம் நின்றது. கணவர் சண்முகம் அண்ணனுக்கு வேலை கிடைத்த வழியில் நியூ ஜெர்சிக்கு வந்து, பேட்டர்சன் என்னும் பழைய ஆலை நகரத்தில் குடியேறி, கடைசிவரை அங்கேயே இருந்தார்.

பேட்டர்சனை நம்மில் பலருக்கு அருவி பார்க்கப் போகும் இடமாகத்தான் தெரியும். குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த அருவியின் தண்ணீர் வேகத்தை நம்பித்தான் அந்த ஊரே எழுந்தது. பட்டு நெய்தார்கள், ரயில் என்ஜின் செய்தார்கள், கைத்துப்பாக்கி செய்தார்கள். அருவிக்கு மேலே பாறை ஓரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். பெரிய பேஸ்பால் அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்களுடைய அணிகள் ஆடிய மைதானங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்களில் சிலர் பின்னாளில் நாடறிந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அக்கா வந்து சேர்ந்தபோது பட்டும் போயிருந்தது, என்ஜினும் போயிருந்தது. சாயப்பட்டறைகள் சில மட்டும் மிச்சம். அதில் ஒன்றின் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் துணித் துண்டின் நிறத்தை அப்படியே கொண்டுவர, எந்தச் சாயத்தை எவ்வளவு கலப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஆள் குறையும் நாட்களில் சாயப்பொடியை எடை போடவும் அவரையே கூப்பிடுவார்கள்.

நானும் என் கணவரும் புதிதாக அமெரிக்கா வந்தபோது அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்குக் குடியிருந்தோம். முதல் நாள் மாலை வேலையிலிருந்து திரும்பியவர் பின்வாசல் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கருநீலம்.

"வா கண்ணு. பயந்துக்காதே, இது ரெண்டு நாள்ல போயிரும். சாப்டீங்களா?"

"இனிமேதாங்க்கா சமைக்கணும்."

"என்னத்த சமைக்கப் போறே, சாமான் எல்லாம் இன்னும் பாக்ஸ்லயே கிடக்குது. கீழ வாங்க."

அன்று அவர் பரிமாறிய அரிசிம்பருப்புச் சோற்றை நினைக்கும்போதெல்லாம் அந்த நீல விரல்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஆலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் அன்றைய சாயத்தின் நிறம் வருமாம். அதை வைத்து வேடிக்கை பேசுவார்களாம். "இன்னைக்கு நீ என்ன கலரு, நான் என்ன கலருன்னு கேட்டுச் சிரிப்போம் கண்ணு" என்று சொல்லி அப்போதும் சிரித்தார். முகமூடி கொடுத்தார்களா என்று கேட்டேன். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்களாம். கோடையில் அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியாது என்று யாரும் கேட்கவில்லை.

அங்கேதான் அவருக்கு வால்டர் நண்பரானார். சாயத் தொட்டிகளைக் கவனித்துக்கொண்ட கறுப்பினத்தவர். அவருடைய அப்பாவும் அதே மாதிரி ஒரு பட்டறையில் தொட்டிக்காரர்; ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆடியவர். வால்டர் பள்ளிக்காலத்தில் அங்கே ஓடியிருக்கிறார். அதுவும் நானூறு மீட்டர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவாக்கில் இது தெரிய வந்ததும், ஆலை முற்றத்தில் இருவரும் நாற்பது வயதுக்கு மேல் பந்தயம் வைத்து ஓடினார்களாம். யார் ஜெயித்தது என்பதில் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

நாங்கள் அங்கே இருந்தபோது ஸ்டேடியம் பூட்டிக் கிடந்தது. படிக்கட்டுகளின் நடுவே மரமே முளைத்திருந்தது. ஒரு ஞாயிறு மதியம் வால்டர் எங்களை அழைத்துப் போய் வேலியில் ஓர் இடைவெளியைக் காட்டினார். உள்ளே போனோம். ஓடுதளம் வெடித்து, இடுப்புயரத்துக்குப் புல். அருவியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா புல்லை விலக்கி, கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றார்.

"இதைத் திறக்கட்டும் கண்ணு. ஒரே ஒரு ரவுண்டு ஓடிட்டுத்தான் மறுவேலை."

அதைத் திறக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் கூடிப் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் அவர் போனார். புடவையோடு வந்து, ஈரோட்டு ஆங்கிலத்தில், எங்கள் ஓடுதளத்தைக் கொடுங்கள் என்று கேட்ட ஒரே பெண்மணி. வருடங்கள் போயின. சாயப்பட்டறை மூடப்பட்டது. சண்முகம் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்தத் தெருக்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எடிசனுக்கும் பிரிட்ஜ்வாட்டருக்கும் இடம் மாறின. நாங்களும் மாறினோம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, இந்தப் பக்கமே ஒரு காண்டோ வீடு பாருங்களேன்" என்பேன். "எல்லாருமே போயிட்டா அந்த ஊர்ல யாருதான் இருக்கறது?" என்பார்.

சிறுநீரில் ரத்தம் வந்ததை முதலில் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை வந்தபோது என்னைக் கூப்பிட்டார். மருத்துவமனைக்கு நான்தான் ட்ரைவ் பண்ணிக்கொண்டு போனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை காலமாகப் புகைபிடிக்கிறீர்கள் என்பது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எங்கப்பன் கேட்டிருக்கோணும் இதை" என்றார். மருத்துவர் இரண்டாவதாக, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சாயப்பட்டறை என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஊரில் என்று கேட்டார். அப்போது அக்கா சிரிக்கவில்லை. சில சாயங்களில் இருக்கும் வேதிப்பொருள் சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்கும், அது வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம் என்று அவர் விளக்கினார்.

திரும்பும்போது காரில், "நான் கெமிஸ்ட்ரி படிச்சவ கண்ணு. எனக்கே தெரியலை பாரு. வால்டரோட அண்ணனும் சாயப்பட்டறையிலதான் இருந்தாரு, செத்தது இதுலதான்" என்றார்.

சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு சிறுநீர் சேர வயிற்றில் பை மாட்டினார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், பழைய ஆலைக்காரர்களைத் தேடிப் போனது. வால்டர் உடனே சோதனைக்குப் போனார். அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் வருடாவருடம் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அக்காவோடு சாயப்பொடி எடை போட்டவர் ரோசா, பெரு நாட்டிலிருந்து வந்தவர். அவர் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரோசா சொன்னார்: "எனக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது லோகா. தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?" இலவசமாகப் பார்க்கும் கிளினிக் ஒன்றை அக்கா விசாரித்து வைத்து, மறுபடி போனார், அதற்குப் பிறகும் போனார். ரோசா வரவே இல்லை. அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய மகள் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிடாமல் கதவைச் சாத்தினாள். "அவ மேல என்ன தப்பு? நான் போனாலே சாவு வருதுன்னு நினைச்சிருப்பா" என்றார் அக்கா.

வக்கீல் ஒருவரிடமும் போனோம். கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது, கட்டடம் கைமாறிவிட்டது, வழக்குப் போட ஆள் இல்லை என்று மரியாதையாகவே சொன்னார். அந்தக் கட்டடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. செங்கல் சுவரை அப்படியே விட்டு, உயரமான ஜன்னல் வைத்து, அழகாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் ஊர்ப் பெருமை சொல்லும் ஒரு பலகை. பட்டு, ரயில் என்ஜின், புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. அக்கா அதை நின்று முழுவதும் படித்தார். அங்கே குடியிருக்கும் ஓர் இளம்பெண் நாயைப் பிடித்தபடி வெளியே வந்து, வீடு பார்க்க வந்திருக்கிறீர்களா என்று சிரித்த முகத்துடன் கேட்டாள்.

"இல்லை, நான் இங்கே வேலை செய்தேன்" என்றார் அக்கா.

"வாவ்! என்ன அதிர்ஷ்டம் உங்களுக்கு!" என்றாள் அந்தப் பெண். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். காரில் ஏறியதும் அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கார்த்திக் அவரை டெக்சாஸில் தான் இருக்கும் காப்பெலுக்கு அழைத்துப் போனான். பெரிய வீடு, அன்பான மருமகள். பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். "பாட்டி, ஆர் யூ ஓகே?" என்று மணிக்கொருதரம் கேட்பாளாம். சில மாதங்களில் திரும்பிவிட்டார். "அங்க எல்லாரும் என்னைய நல்லாப் பாத்துக்கறாங்க கண்ணு. இங்க இன்னும் போய்ப் பாக்க வேண்டிய ஆளுங்க இருக்காங்கல்ல?" என்றார். ஆனால் அந்த நோய் மறுபடி தலைகாட்டி எலும்புக்குப் போயிருந்தது. அதன்பின் அவரால் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்டேடியத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். வாத்தியங்கள் முழங்கின, தலைவர்கள் பேசினார்கள், பழைய வீரர்களின் படங்கள் பெரிதாக வைக்கப்பட்டிருந்தன. கூட்டம் கலைந்து பொதுமக்கள் இறங்கி நடக்கலாம் என்றதும், வால்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அக்காவைப் பிடித்து ஓடுதளத்துக்குக் கூட்டிப் போனோம். கையை விடச் சொன்னார். விட்டோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கையை மடக்கி, ஓட முயன்றார். நான்கைந்து அடி ஓட்டம் மாதிரி இருந்தது. பிறகு நடை. முதல் வளைவு வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். பை கழன்று புடவை நனைந்திருந்தது. வால்டர் தன் கோட்டைக் கழற்றி அவர் மடியில் போட்டார். எங்களைச் சுற்றிக் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"நல்லாத்தான் பண்ணீங்கக்கா" என்றேன்.

"பொய் சொல்லாத கண்ணு. என்னால முடியலை" என்றார்.

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கடைசி வாரங்களில் அவரிடம் ஆறுதல் சொல்லப் போன எல்லோரும் ஏமாந்துதான் திரும்பியிருப்பார்கள். நிறைவான வாழ்க்கை என்று யாராவது ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் என்னிடம் தெளிவாகவே சொன்னார்: "எனக்கு நியாயம் கிடைக்கலை. அதை யாரும் பூசி மெழுக வேண்டாம். கிடைக்கலைன்னே சொல்லு." அவர் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஃப்யூனரல் ஹோமில் கூடினோம். கார்த்திக் சடங்குகளைச் செய்தான். வாய்க்கரிசி போடும் வரிசையில் வால்டரும் நின்றார். கறுப்பு சூட் போட்டிருந்தார். என்ன செய்வது என்று முன்னால் நின்றவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அரிசியைப் போட்டார். தகனம் முடிந்து வெளியே வந்தபோது, தன்னை மருத்துவமனையில் இறக்கிவிட முடியுமா என்று என்னிடம் தயங்கிக் கேட்டார். வருடாந்திர கேமரா சோதனை அன்று மதியம்தான். தள்ளிப் போடலாமே என்றேன். "லோகா விடமாட்டாள்" என்றார்.

காத்திருப்போர் அறையில் அமர்ந்திருந்தேன். அவர் வெளியே வந்தபோது டை கையில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சிறிது நேரம் டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இருக்கிறது. சின்னதாக இருக்கிறதாம்" என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அக்காவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு, அப்படியே அதைப் பார்த்தபடி இருந்தார்.

"இதை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். இப்போது யாரைக் கூப்பிடுவது?"

லோகா அக்கா, வால்டருக்கும் வந்துவிட்டது. அடுத்த வாரம் சிகிச்சைக்கு அவரை நான்தான் அழைத்துப் போகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். போய் வாருங்கள் அக்கா.