கதவுக்கு மேலே ஒரு ஹீட்டர்

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன். புனேயின் டிசம்பர் காலையில் ஒரு சொம்பு வெந்நீருக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவிலேயே அவருக்கு உதறல் எடுத்துவிடும். முதலில் வாங்கிய ஃபேன் ஹீட்டர் ஈர உடம்பில் காற்றடித்து அவரை இன்னும் நடுங்க வைத்தது. எரிச்சலோடு அதைத் திருப்பிக் கொண்டுபோனேன். கட்கியில் இருக்கும் அந்தக் கடைக்காரர், "சோட்டா பாத்ரூம் ஹை நா? ராட்வாலா லேலோ," என்றார். சின்ன பாத்ரூமுக்குக் கம்பி வைத்த ஹீட்டர்தான் சரியாம்; அதில் காற்று கிடையாது. சிவக்கும் கம்பி நேராக உடம்பில் சூடு படவைக்கும். தண்ணீர் தெறிக்காத சுவரில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் குளியலறையில் தண்ணீர் தெறிக்காத இடம் கதவுக்கு மேலே மட்டும்தான். அப்பாவுக்கு வலது கை மட்டுமே வேலை செய்கிறது. எதிர்ச்சுவரில் உள்ள கைப்பிடியை அந்தக் கையால் பிடித்துக்கொண்டால்தான் ஸ்டூலில் விழாமல் உட்காருவார். இடது பக்கம் கதவை நோக்கி இருக்கும்.

மாட்டிய அன்று கம்பி நன்றாகவே சிவந்தது. இந்த முறை ஹீட்டரைக் குறை சொல்லக்கூட வழியில்லை.

"சூடு தெரியுதாப்பா?"

"அந்தப் பக்கத்துக்கு எங்கடா தெரியும்," என்றார்.

தொட்டுப் பார்த்தேன். இடது தோள் கதகதப்பாக இருந்தது. வலது தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.