பிக்கப்பில் போய்ப் பார்த்த படம்

சித்தப்பா சித்தியை விட்டுப் போன வருஷத்தில்தான் சித்தி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பாவுக்குக் கோத்தகிரியில் வேலை கிடைத்திருக்கிறது, அதனால் அங்கேயே தங்கிவிட்டார் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் அதை நம்பி, பள்ளியில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது ஏன் என்று யோசித்ததில்லை.

ஊருக்கு வேறு எதிர்பார்ப்பு இருந்தது. சித்தி கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நாள் அழ வேண்டும், சர்ச்சில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட வேண்டும், யாராவது விசாரித்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சித்தி ஒன்றையும் செய்யவில்லை. அவள் பெயரில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்தது. அதை அவளே ஓட்டினாள். சோலூரில் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவாள். வளைவுகளில் லாரிக்காரர்கள்கூடத் தனக்கு வழிவிடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். வழிவிடுகிறார்களா, பயந்து ஒதுங்குகிறார்களா என்று அப்பா கேட்பார்.

அந்த வருஷக் கோடையில் குன்னூருக்கு மேலே ஒரு விடுதிக்காரர் தன் காலி மைதானத்தில் பெரிய வெள்ளைத்திரை கட்டி, சனிக்கிழமைதோறும் சினிமா போட்டார். வண்டியிலேயே போய், வண்டியிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். படத்தின் சத்தம் வண்டி ரேடியோவில் வரும். எங்கள் ஊர்த் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டிருந்ததால் ஜனங்களுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. எத்தனை பேர் வந்தாலும் வண்டிக்கு ஒரே டிக்கெட். கார் இல்லாதவர்கள் ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிதுங்கப் பிதுங்கப் போனார்கள். படம் எப்படி என்று யாரும் பேசியதாக நினைவில்லை. யார் யார் வந்திருந்தார்கள், எந்த வண்டியில் வந்தார்கள், என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் திங்கட்கிழமை முழுக்கப் பேச்சு.

"நாமளும் போலாங்க்கா," என்றாள் சித்தி.

அம்மா தயங்கினாள். "எல்லாரும் வருவாங்க."

"அதுக்குத்தான் போவோணும்."

பிக்கப்பின் பின்பக்கத்தைக் கழுவி, சாக்கு விரித்து, மேலே ஜமுக்காளம் போட்டோம். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். சித்தி மட்டும் மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அப்பா வரவில்லை. தனக்குச் சளி என்றார்.

மைதானத்து வாசலில் கோட்டுப் போட்ட ஓர் இளைஞர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, இது லோடு வண்டிங்க. காருக்கு மட்டுந்தானுங்க."

"படம் பாக்கறது வண்டியாங்க, நாங்களா?"

"பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க."

"அவங்க திரையப் பாக்கட்டும். எங்க வண்டிய எதுக்குப் பாக்கறாங்க?"

எங்களுக்குப் பின்னால் கார்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. சித்தி இன்ஜினை அணைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். திரும்பிப் போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை என்பது அந்த இளைஞருக்கும் புரிந்திருக்க வேண்டும். நடு வரிசையின் இடது ஓரத்தைக் காட்டினார். சித்தி வண்டியைத் திருப்பி, பின்பக்கம் திரையைப் பார்க்கும்படி ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்கதவை இறக்கியதும் எங்களுக்கு ஒரு மேடையே கிடைத்துவிட்டது. சுற்றிலும் இருந்த கார்களின் கூரைகளெல்லாம் எங்களுக்குக் கீழே தெரிந்தன.

மண் ஒட்டிய வண்டிக்குப் பக்கத்தில் யாருக்கும் நிறுத்த மனமில்லை போலிருக்கிறது. எங்களுக்கு அடுத்த இடம் கடைசிவரை காலியாக இருந்தது. படம் போடுகிற நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் அவசரமாக வந்து அந்த இடத்தில் நுழைந்தது. அதன் பின்னாலேயே இன்னும் சில வண்டிகள் வந்து வழியை அடைத்துக்கொண்டன.

எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் சித்தப்பா. பக்கத்தில் எனக்குத் தெரியாத ஓர் அக்கா.

"சித்தப்பா!" என்று கத்தினேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. கேட்கவில்லை போலும் என்று இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். முன் வரிசைக் கார்களில் தலைகள் திரும்பின. அந்த அக்கா மடியில் எதையோ தேடத் தொடங்கினாள்.

"கூப்புட்டது போதும் கண்ணு," என்றாள் சித்தி. "அவருக்குக் காது கேக்கல."

அம்மா சித்தியின் முழங்கையைப் பிடித்தாள். "எந்திரி. போயிரலாம்."

"நா எதுக்குக்கா போவோணும்?" சித்தி குரலைத் தாழ்த்தவில்லை. "கூச்சப்படறவங்க கண்ணாடிய ஏத்திக்கட்டும்."

கண்ணாடி ஏறியது. ஆனால் மலைக்குளிரில் மூடிய காருக்குள் இருவர் மூச்சுவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்துவிட்டது. சித்தப்பா கர்ச்சீப்பால் துடைத்தார். மறுபடி படிந்தது. கடைசியில் கண்ணாடியை இறக்கத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் காரின் ரேடியோவில் கரகரவென்ற இரைச்சலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. எங்கள் வண்டியில் வசனம் கணீரென்று கேட்டது. சித்தப்பா ரேடியோவைத் திருகுவதையும் தட்டுவதையும் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

சித்தி கீழே குதித்து வண்டியின் முன்பக்கம் போனாள். ரேடியோவை அணைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்துவிட்டு, சித்தப்பாவின் காரைச் சுற்றிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள்.

"கேக்கட்டும். பக்கத்துல இருக்கறவங்களும் நல்லாக் கேக்கட்டும். இதுக்குத் தனியா ஒண்ணும் தர வேண்டியதில்ல."

முன்காரில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொரு காரிலும்.

இடைவேளையில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டீ, சுடச்சுட வேர்க்கடலை, வர்க்கி. வண்டிக்கு வண்டி போய் நலம் விசாரித்தார்கள். எங்கள் வண்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். முதலில் வந்தது எங்கள் வகுப்பு டீச்சர். சர்ச்சில் சித்திக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். சித்தப்பாவின் காரை ஒரு பார்வை, சித்தியின் சேலையை ஒரு பார்வை.

"நீயும் வந்திருக்கறயா?"

"ஏனுங்க டீச்சர், வரக்கூடாதுங்களா?"

டீச்சர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக, "கையக் குடு," என்று சித்தியிடம் கையை நீட்டினார். கனத்த உடம்பு. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இழுத்துத்தான் மேலே ஏற்றினோம். மூச்சு வாங்க ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, "காருக்குள்ள முட்டி மடக்க முடியலம்மா, இங்க எவ்வளவோ தேவல," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

அதன்பின் தடுக்க முடியவில்லை. டீச்சரின் மருமகள் வந்தாள். பஜாரில் கம்பளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பிள்ளைகள் போர்வையோடு வந்து ஏறினார்கள். அவர்களைத் தேடி அவர்கள் அம்மா வந்து, அவளும் ஏறினாள். இரண்டாம் பாதி ஓடும்போது பனிமூட்டமாய் மஞ்சு இறங்கித் திரையை மறைத்துவிட்டது. ஒருவரும் கிளம்பவில்லை. வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு, கதாநாயகன் இப்போது என்ன செய்கிறான் என்று ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் வண்டியில்தான் மைதானத்திலேயே அதிகச் சத்தம். பக்கத்துக் காரில் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வழியில்லை.

சித்தி நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சு மறைத்தபோதும் அப்படித்தான். கடலை அவள் கையில் அப்படியே இருந்தது. நானே எடுத்துத் தின்றேன்.

படம் முடிந்ததும் பின்வரிசை வண்டிகள் நகர, வெள்ளைக் கார் விளக்கைக்கூடப் போடாமல் பாய்ந்து வெளியேறியது. கோட்டுப் போட்ட இளைஞர் கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். சித்தப்பா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது எனக்கு வருத்தம்.

வரும் வழியில் ஒரு வளைவு தாண்டிச் சித்தி வண்டியை நிறுத்தினாள். இன்ஜின் சூடாகிவிட்டது, தண்ணீர் பிடித்து வா என்று கேனைக் கொடுத்தாள். சாலையோரம் பாறையில் வழிந்த தண்ணீரை விரல் விறைக்கப் பிடித்துக் கொண்டுவந்தேன். அவள் பானெட்டைத் திறக்கவே இல்லை. தண்ணீரை வாங்கித் தன் முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். மீதியைச் சாலையில் ஊற்றிவிட்டு, "செரி, போலாம்," என்றாள். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்ததை வீணாக்கிவிட்டாளே என்று எனக்குக் கோபம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைத் தன் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை சித்தி மறுபடியும் ஜமுக்காளத்தை உதறினாள். இந்த முறை அப்பாவுக்குச் சளி இல்லை. வாசலில் அந்த இளைஞர் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். டீச்சர் எங்களுக்கு முன்பே வந்து, தன் காருக்கு வெளியே ஒரு தலையணையோடு காத்திருந்தார்.

திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போன வாரம் பார்த்த அதே படம்.

"சித்தி, இத நாம பாத்துட்டோம்."

"நா பாக்கல கண்ணு," என்றாள், கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு.

படம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தவள் அவள். பெரியவர்கள் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.