மத்திகிரியில் வாங்கிய பூடில் குட்டி

சின்னராஜ் இரண்டாம் கல்யாணச் செய்தியை மனைவி ஜோதியம்மாளுக்கு ஓசூர் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னான். நாலு பேர் நடுவில் அவள் சத்தம் போடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"நம்ம பக்கம் சட்டம் விடாது. அத்திப்பள்ளி போயி தாலி கட்டிட்டா மைசூர் சீமை, கேக்க ஆளில்லை. பொண்ணு பேரு சம்பங்கி. நீயும் வீட்லயே இருக்கலாம். உனக்கொரு துணை வேணும்னுதான் இப்ப நாய்க்குட்டி வாங்கப் போறோம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காவேரிப்பட்டினத்தில் தோப்பும் வயலுமாக இருந்த குடும்பம், பிள்ளைதான் இல்லை. சேலத்து லேடி டாக்டர், கசாயம், விரதம், மண்சோறு எல்லாம் அவள் ஒருத்திக்கே நடந்து முடிந்திருந்தன.

மத்திகிரியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பங்களாவை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பூடில் நாய் நாலு குட்டி போட்டிருந்தது. எல்லாம் சுருட்டை மயிர், கறுப்பு. மூலையில் தனியே சுருண்டு கிடந்ததை ஜோதியம்மாள் காட்டினாள்.

"அது வேணாம்," என்றாள் கிழவி, வேலைக்காரர்களிடம் பழகிய தமிழில். "சத்தம் போடாம கிடக்குது, அதனால நல்ல குட்டின்னு நினைக்காதே. அதுக்கு உடம்பு சரியில்லை."

இன்னொன்றைத் தூக்கி மடியில் வைத்தாள். கண்ணில் பீளை இல்லை, ஈறு சிவப்பு, காதில் நாற்றம் இல்லை, வயிறு உப்பவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். முட்டி பிசகவில்லை என்று பின்னங்காலை மெல்ல அசைத்தும் காட்டினாள்.

சின்னராஜ் சிரித்தான். "தாய் நல்லாருக்குதே, அது போதாதா துரைசாணி? குட்டியில குறைன்னா தாய்மேலதானே குத்தம்?"

"யார் சொன்னது? பாதி அப்பன் குடுக்கிறது. நான் அப்பன் நாயையும் டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் ஜோடி சேர்த்தேன்."

ஜோதியம்மாள் நிமிர்ந்தாள். "ஏங்க, நீங்க ஒருக்காகூட டாக்டர்கிட்ட போகலையே."

மெதுவாகத்தான் கேட்டாள். சின்னராஜ் குட்டியின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள்மேல் சீறினான்.

"வெள்ளைக்காரி முன்னால மானத்தை வாங்கிட்ட. இன்னொரு தரம் அந்தப் பேச்சு வந்துச்சு, நீயும் நாயும் தோப்புலதான் கிடக்கணும்."

தை மாதம் அத்திப்பள்ளியில் தாலி கட்டினான். ரெண்டு வருஷமாகியும் சம்பங்கி உண்டாகவில்லை. அவளுக்கும் கசாயம் காய்ச்ச ஆரம்பித்தபோது ஜோதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மாமியார் வெங்கடம்மாளிடம் போய், "அத்தை, அவரையும் ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றாள்.

மாமியார் அதை அப்படியே மகனிடம் சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஜோதியம்மாளின் பெட்டியும் நாயும் தோப்புக் கொட்டகைக்குப் போய்விட்டன. இவள் வயிற்றெரிச்சலால்தான் சின்னவளுக்குக் கரு நிற்கவில்லை என்று தெருவெல்லாம் பேச்சு.

நாய் ஒரு நோய் நொடியில்லாமல் வளர்ந்திருந்தது. சுருட்டை மயிரில் நாயுருவி ஒட்டிச் சடை பிடிக்கும்; அவள் ஆட்டுக்கு மயிர் வெட்டுகிற கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுவாள்.

தோப்புக் கிணற்றுக்கு வரும்போது சம்பங்கி கொட்டகைப் பக்கம் பார்க்காமல் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு போவாள். கண் பட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஜோதியம்மாளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சின்னப் பெண், சொன்னதை நம்பினாள்.